எட்டோரே புகாட்டி

விரைந்தோடும் வண்டியைக் கண்டு வியவாதார் இலர். ஆயின், அவ்விரைவைத் தரும் எஞ்சின் பழுதின்றி உழைப்பதற்கு எத்துணை நுண்மையும் பேணுதலும் வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வுண்மையை விளக்கும் வாழ்வினர் எட்டோரே புகாட்டி.

இவர் 1881ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மிலான் நகரில் பிறந்தார். தந்தையார் கார்லோ, அழகிய இருக்கைகளும் பேழைகளும் வடிப்பதில் வல்லவர். தம்பி ரெம்பிராண்ட் ஒரு சிற்பி. கலைக்குடியில் தோன்றிய எட்டோரே, இளமையிலேயே இயந்திரங்களில் நாட்டம் கொண்டார். 1909ஆம் ஆண்டு, அல்சேசுப் பகுதியிலுள்ள மோல்சைம் என்னும் சிற்றூரில் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார்.

அந்நாளைய பந்தய வண்டிகள் பல பருத்த உடலும் பெரிய எஞ்சினும் உடையவை. வண்டியின் எடையைக் குறைத்தால் சிறிய எஞ்சினே போதும் என்பது புகாட்டியின் துணிபு. 1911ஆம் ஆண்டு லே மான் நகரில் நடந்த பந்தயத்தில், பன்மடங்கு பெரிய எஞ்சின் கொண்ட வண்டியை அடுத்து இரண்டாவதாக வந்தது அவருடைய சிறு வண்டி. கண்டோர் வியந்தனர்.

1924ஆம் ஆண்டு அவர் தம் புகழ்பெற்ற 35ஆம் வகை வண்டியை வெளியிட்டார். அதன் எஞ்சின் எட்டுச் சிலிண்டர்களை உடையது. சிலிண்டர்களும் அவற்றின் மேல்மூடியும் ஒன்றாகவே வார்க்கப்பட்டமையால், இடையே வாயு கசிய வழியில்லை. சுழல்தண்டு குண்டுகளும் உருளைகளும் கொண்ட பேரிங்குகளின்மேல் சுழன்றமையால், உராய்வு குறைந்து வேகம் மிகுந்தது.

ஆயினும், இச்சிறப்புகளே பேணுவோர்க்குப் பெரும்பணியும் தந்தன. வால்வுகளைத் தேய்த்துச் சீராக்க வேண்டின், சிலிண்டர்த் தொகுதி முழுவதையும் கழற்றியெடுத்தல் வேண்டும். பேரிங்குகள் தேய்ந்தால், பல துண்டுகளாய் இணைக்கப்பட்ட சுழல்தண்டைப் பிரித்து, இம்மியும் பிசகாமல் மீண்டும் பொருத்துதல் வேண்டும். பொறுமையற்றோர்க்கு அது தொல்லை. காலத்தில் பேணியோர்க்கோ அது உற்ற துணை. எளிய அமைப்புடைய எஞ்சின் பொருத்திய மலிவான வண்டியையும் புகாட்டி 1925ஆம் ஆண்டு வெளியிட்டார்.

35ஆம் வகை வண்டிகள் முதன்முதல் லியான் நகரப் பந்தயத்தில் ஓடின. ஆங்கே டயர்களின் மேற்பரப்பு கழன்று வீழ்ந்தமையால் வெற்றி கிட்டவில்லை. எஞ்சின் எத்துணைச் சிறந்ததாயினும், ஓருறுப்பின் குறை முழு வண்டியையும் தளர்த்திவிடும் அன்றோ? புகாட்டி மனந்தளரவில்லை. குறை களைந்து மீண்டும் முனைந்தார். சிசிலித் தீவின் வளைந்து நெளிந்த மலைப்பாதைகளில் நடைபெற்ற தார்கா புளோரியோ என்னும் கடும்பந்தயத்தில், 1925 முதல் 1929 வரை ஐந்தாண்டுகளும் அவர்தம் வண்டிகளே வாகை சூடின.

1939ஆம் ஆண்டு அவருக்குப் பேரிடி ஒன்று நேர்ந்தது. தொழிலில் வலக்கையாய் விளங்கிய மைந்தர் சான், வண்டியொன்றை ஓட்டிச் சோதிக்கையில் உயிர் நீத்தார். புகாட்டியும் 1947ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர் படைத்த 35ஆம் வகை வண்டிகள் சில, நூறாண்டு கடந்தும் இன்றும் ஓடுகின்றன. செய்தவரின் நுண்மையோடு, வழிவழியாகப் பேணி வந்தோரின் கருத்தும் சேர்ந்தே அவற்றைக் காத்தது. ஆக்குதல் அரிது, ஆக்கியதைப் போற்றிக் காத்தலும் அதற்குக் குறைந்ததன்று.