மருந்தும் உரிமையும்: டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

எங்கள் திருவான்மியூரில் கோயில் கொண்டிருக்கும் இறைவனுக்கு மருந்தீசுவரர் என்று பெயர். அகத்திய முனிவருக்கு இறைவன் மருந்துகளின் இயல்பை உபதேசித்த தலம் இது என்பது புராணம். நோய் தீர வேண்டி வருவோர்க்கு, நடை சாத்தும் நேரம் தவிர, அவர் வாசல் திறந்தே இருக்கிறது. மனிதர் கட்டிய மருத்துவமனைகளின் வாசல் அப்படித் திறந்திருக்கிறதா? மருத்துவம் என்பது இரங்கி இடும் தருமமா, குடிமக்கள் கேட்டுப் பெறும் உரிமையா? இவ்வினா எழும்போதெல்லாம், எங்கள் ஊருக்கு அடுத்த அடையாற்றில் பெரும்பணி ஆற்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் என் நினைவுக்கு வருகிறார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் ஒரு பெண் இடம் கேட்டதும் ஊரில் எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி தந்த பின்னரே அவரால் படிக்க முடிந்தது. படிப்பையே போராடிப் பெற்றவர், 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தும் காப்பாற்ற இயலவில்லை. அந்தத் துயரம் அம்மையாரை விட்டு அகலவே இல்லை. 1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றபோது, புற்றுநோய்க்கென்றே அங்கே தனி மருத்துவமனை நடப்பதைக் கண்டார்.

தாயகம் திரும்பியதும் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறை ஒழிப்பு பற்றி அவர் அங்கே போராடியதை எல்லோரும் எழுதுகிறார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அதே அவையில் வாதாடியதை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. எனக்கோ இதுவே பெரிதாகப் படுகிறது. நோயாளிக்குத் தம் கையால் மருந்து கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. அரசின் வரவு செலவுத் திட்டத்திலும் நோயாளிக்கு இடம் கேட்டார். 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அப்பதவியைத் துறந்தார்.

புற்றுநோய் மருத்துவமனை எண்ணத்தை 1935-இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிலேயே அவர் வெளியிட்டார். ஆனால் ஆட்சியிலிருந்தோர் கைவிரித்தனர். புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு ஒரு மருத்துவமனை எதற்கு என்பது அவர்கள் கணக்கு. பிழைக்க மாட்டார் என்று பிறர் முடிவு கட்டிவிட்டால் ஒருவருடைய உரிமை போய்விடுமா? அம்மையார் இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு வீடு வீடாக நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைக் கட்டி வளர்த்தனர். ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தருவது அங்கே வழக்கமாயிற்று. அம்மையார் 1968 ஜூலை 22-இல் மறைந்தார்.

இதைச் சொன்னபோது என் வகுப்புத் தோழன் மடக்கினான். நன்கொடையால் எழுந்த மருத்துவமனை தருமத்துக்குத்தானே சான்று, உரிமைக்கு எப்படிச் சான்றாகும் என்றான். நல்ல கேள்விதான். எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

என் ஆயாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது, முதலில் போன தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். மீன் விற்ற காசு அதற்குப் போதவில்லை. பிறகு அடையாற்றுக்குக் கூட்டிச் சென்றோம். அங்கே ஆயாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அடையாற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்ததால் எங்களுக்குக் கிடைத்தது; கல்வராயன் மலையில் இருப்பவர் என்ன செய்வார்? அவர் எங்கே இருந்தாலும் சிகிச்சை சேர வேண்டும் என்றால் அதைச் சட்டந்தான் செய்ய வேண்டும். அம்மையார் மருத்துவமனை கட்டுமுன்னே சட்டமன்றத்தில் பேசியதும் இதனால்தான் என்று தோழனிடம் பிறகு சொன்னேன். அவன் பாதி ஒப்புக்கொண்டான்.

மேற்கு வங்கத்தில் 1992-இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை, இடமில்லை, வசதியில்லை என்று பல அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அவசர சிகிச்சை மறுப்பது, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று கூறி, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கச் செய்தது. அம்மையார் மறைந்து 28 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு இது.

ஏழைத் தாய்மார்களுக்குத் தமிழக அரசு தரும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவித் திட்டம் அம்மையாரின் பெயரிலேயே நடக்கிறது. என் அண்ணி அதற்கு விண்ணப்பிக்கப் போனபோது, இது யாரிடமும் கெஞ்சிக் கேட்பதல்ல, நமக்கு உள்ளது என்று செவிலியர் சொன்னாராம். வீட்டுக்கு வந்த அண்ணி, முத்துலட்சுமி என்பவர் யார் தம்பி என்று என்னைக் கேட்டார். எனக்கு அன்று தெரியவில்லை. மறுநாள்தான் கல்லூரி நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.