லெனினுக்கு அரிச்சுவடி கற்பித்த மனைவி!

ரஷ்யப் புரட்சியை நடத்திய லெனினுக்குப் பேச்சும் எழுத்தும்தான் பெரிய ஆயுதங்கள். 52-வது வயதில் அந்த இரண்டும் அவரை விட்டுப் போயின. அவருக்கு மறுபடியும் பேசக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தவர் அவருடைய மனைவி குரூப்ஸ்காயா.

வால்கா நதிக்கரையில் உள்ள சிம்பிர்ஸ்க் நகரில் 1870 ஏப்ரல் 22-ந் தேதி பிறந்தவர் லெனின். வக்கீலுக்குப் படித்தார். ஜார் ஆட்சியை எதிர்த்ததால் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கேதான் 1898-ல் கல்யாணம் நடந்தது. குரூப்ஸ்காயா, ஆலைத் தொழிலாளர்களுக்கு மாலைப் பள்ளியில் பாடம் சொன்ன ஆசிரியை. அந்தப் பழக்கம் கணவருக்கே உதவும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

12-ஐ 7-ஆல் பெருக்கினால்?

1922 மே மாதம் முதல் பக்கவாதம் வந்தது. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் தடித்துப்போய், அடைபட்டு வந்ததே காரணம். பேச்சு குழறியது. வலது கை விளங்கவில்லை.

12-ஐ 7-ஆல் பெருக்கச் சொன்னார் டாக்டர். மாபெரும் நாட்டை ஆண்டவருக்கு விடை வரவில்லை! மனம் உடைந்தார், ஆனால் விடவில்லை. 12-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டி, வெகு நேரம் போராடி விடையைக் கண்டுபிடித்தார்.

சில மாதங்களில் பேச்சு திரும்பியது. அக்டோபரில் வேலைக்கு வந்தார். நவம்பரில் மேடையேறிப் பேசினார். அதுவே கடைசி மேடை.

ஒரே சொல்

டிசம்பரில் மறுபடியும் பக்கவாதம். எழுத முடியாததால், படுக்கையில் இருந்தபடியே செயலாளர்களுக்குச் சொல்லி எழுத வைத்தார். 1923 மார்ச் 10-ந் தேதி வந்த மூன்றாவது தாக்குதலில் பேச்சு அடியோடு நின்றது.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆளும் இடம் மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. வலது கையை இயக்குவதும் அதே பக்கம்தான். அதனால் இரண்டும் சேர்ந்தே போயின. மிஞ்சியது 'வோத்' என்ற ஒரு சிறு சொல். 'இதோ' என்பது போன்ற பொருள். சம்மதம், கோபம், சந்தோஷம் எல்லாவற்றையும் குரலை மாற்றி மாற்றி அந்தச் சொல்லிலேயே தெரிவித்தார்.

மாஸ்கோவுக்கு அருகே கோர்க்கி கிராமத்து வீட்டுக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். டாக்டர்களைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். ஆகவே பேச்சுப் பயிற்சியைக் குரூப்ஸ்காயாவே ஏற்றுக்கொண்டார். எழுத்துக்களைக் காட்டினார், சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தார். இடது கையால் எழுதப் பழக்கினார்.

பலன் தெரிந்தது. சொல்லிக் கொடுத்த சொற்களைத் திருப்பிச் சொன்னார். கைத்தடி ஊன்றி நடந்தார். பத்திரிகையில் தமக்கு வேண்டிய செய்தியை விரலால் சுட்டிக்காட்டிப் படிக்கச் சொன்னார். அக்டோபரில் மாஸ்கோவுக்குக் காரில் சென்று, தம் அறையைப் பார்த்து வந்தார். ஆனால் நினைத்ததைத் தானாகப் பேசும் சக்தி மட்டும் திரும்பவில்லை.

பனிவெளிக் கதை

1924 ஜனவரி 19-ந் தேதி, ஜாக் லண்டன் எழுதிய கதை ஒன்றைக் குரூப்ஸ்காயா படித்துக் காட்டினார். பனிவெளியில் பசியோடும் நோயோடும், உயிரை விடாமல் ஊர்ந்து செல்லும் மனிதனின் கதை. லெனினுக்கு அது மிகவும் பிடித்தது. இரண்டு நாள் கழித்து, 21-ந் தேதி மாலை அவர் மறைந்தார். வயது 53.

வாய் அடைத்தவருக்கு அறிவும் அடைத்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு என்று குரூப்ஸ்காயாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கடைசி வரை படித்துக் காட்டினார்.