கடன் பெற்றுக் கற்ற மேதை

அரசியல் சட்டம் வகுத்த மேதையாக அண்ணல் அம்பேத்கரை நாம் அறிவோம். கைச்செலவுக்குக் கணக்குப் பார்த்த ஆய்வு மாணவராக அவரை நாம் அதிகம் எண்ணுவதில்லை.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையுடன் 1913 ஆம் ஆண்டு அவர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுக் காலம். அதில் வீட்டிற்கும் பணம் அனுப்பினார். எஞ்சியதைச் சுருக்கிப் பழைய நூல்கள் வாங்கினார். 1915 இல் முதுகலைப் பட்டம் பெற்று, 1916 இல் இலண்டன் பொருளியல் கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917 இல் ஆய்வை நடுவில் விட்டுத் தாயகம் திரும்பினார்.

மனம் தளர்ந்தாரில்லை. பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகி ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். அச்சேமிப்புடன் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும், பார்சி நண்பர் நாவல் பதேனா தந்த கடனும் சேர, 1920 இல் மீண்டும் இலண்டன் சென்றார். அரைவயிற்று உணவுடன் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் நாள் முழுதும் பயின்றார். 1923 இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வின் பொருள் யாது? இந்திய ரூபாயின் சிக்கல்!

கையில் ரூபாய் இல்லாதவர் நாட்டின் ரூபாயை ஆராய்ந்தார். வறுமை கல்விக்கு முற்றுப்புள்ளி அன்று என்பதை மாணவரும், தக்க நேரத்தில் நீட்டிய கரம் வீண்போவதில்லை என்பதைப் பெரியோரும் இவ்வரலாற்றில் காணலாம்.