நாற்பத்தொரு வயதில் ஒரு தொடக்கம்

ஆடை வடிவமைப்பில் சொந்தத் தொழில் தொடங்க விழையும் இளைஞர்களின் முதல் கவலை, முதலுக்கு யாரை நாடுவது என்பதே. பாரிஸில் 1946-இல் கிறிஸ்டியன் டியோரை முதலே தேடி வந்தது. அவர் அதை ஏற்க மறுத்தார்.

பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் உள்ள கிரான்வில் நகரில் 1905-இல் பிறந்தவர் டியோர். தந்தை உரத் தொழிற்சாலை அதிபர். மகன் அரசுத் தூதராக வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். மகனுக்கோ ஓவியத்தில் நாட்டம். 1928-இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஓவியக் கூடம் தொடங்கத் தந்தை பணம் கொடுத்தார், ஒரு நிபந்தனையுடன்: கடையின் பெயர்ப் பலகையில் குடும்பப் பெயர் இடம்பெறக் கூடாது. வணிகப் பலகையில் பெயர் தொங்குவது அக்காலச் செல்வந்தர்களுக்கு மதிப்புக் குறைவு. உரம் விற்ற குடும்பத்துக்கு இத்தகைய கூச்சம் இருந்தது விந்தைதான்.

1931-இல் தாய் இறந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் தந்தையின் சொத்து முழுவதும் கரைந்தது. ஓவியக் கூடமும் நிலைக்கவில்லை. 1934-இல் டியோரைக் காசநோய் பற்றியது. நண்பர்கள் பணம் திரட்டி அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினர். திரும்பி வந்தவர், ஏறத்தாழ முப்பது வயதில், ஆடை, தொப்பிகளுக்கான கோட்டோவியங்களை வரைந்து விற்கத் தொடங்கினார். பின்னர் ராபர்ட் பிகே நிறுவனத்திலும், போர்க்காலத்தில் லூசியன் லெலோங் நிறுவனத்திலும் வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். அதே காலத்தில், எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த அவருடைய தங்கை கேத்தரினை நாஜிகள் கைது செய்து ராவென்ஸ்புரூக் முகாமுக்கு அனுப்பினர். 1945-இல் அவர் உயிருடன் திரும்பினார். தங்கை வருவார் என்று சொல்லிவந்த குறி சொல்லும் பெண்மணியை டியோர் வாழ்நாள் முழுவதும் நம்பினார்.

பருத்தி ஆலை அதிபர் மார்செல் பூசாக், நலிந்துபோன பழைய ஆடையகம் ஒன்றைத் தூக்கி நிறுத்தத் திறமையான வடிவமைப்பாளரைத் தேடிக்கொண்டிருந்தார். டியோர் அந்த ஆடையகத்தைப் போய்ப் பார்த்தார். பழைய பணியாளர்கள், பழைய வழக்கங்கள், மங்கிய பெயர். இறந்ததை உயிர்ப்பிப்பது தன்னால் ஆகாது என்று முடிவுசெய்தார். பூசாக்கிடம் மாற்றுத் திட்டம் ஒன்றை வைத்தார். புதிய ஆடையகம், சிறிய இடம், தேர்ந்த கைத்திறனாளர்கள், குறைந்த எண்ணிக்கையில் வசதி படைத்த வாடிக்கையாளர்கள், பலகையில் கிறிஸ்டியன் டியோர் என்னும் பெயர். தந்தை வீட்டில் மறுக்கப்பட்ட பெயரை அந்நியரின் பணத்தில் கேட்டுப் பெற்றார். இடையில் அச்சம் மேலிட்டு, வேண்டாம் என்று தந்தியும் அடித்துவிட்டார். குறி சொல்லும் பெண்மணி வற்புறுத்திய பிறகே இசைந்தார். நல்ல ஊதியமும் இலாபத்தில் பங்கும் கிடைத்தன. உரிமை மட்டும் பூசாக்கிடமே இருந்தது.

மோண்டேன் சாலை 30-ஆம் எண் கட்டடத்தில், 1946 டிசம்பரில், 85 பணியாளர்களுடன் நிறுவனம் தொடங்கியது. 1947 பிப்ரவரி 12 அன்று முதல் காட்சி. நிலக்கரிக்கும் துணிக்கும் கடும் தட்டுப்பாடு நிலவிய குளிர்காலம் அது. போர்க்காலத்தின் விறைத்த தோள்களுக்கும் குட்டைப் பாவாடைகளுக்கும் பழகிய கண்களுக்கு முன்னே, சரிந்த தோள், சிறுத்த இடை, கணுக்காலை நோக்கி மலர்ந்து விரியும் பாவாடை என்று ஆடைகள் வந்தன. அமெரிக்க இதழாசிரியர் கார்மெல் ஸ்னோ அதற்குச் சூட்டிய நியூ லுக் என்னும் பெயரே நிலைத்தது. மீட்டர் மீட்டராகத் துணியை விழுங்கிய இந்தப் பாணியால் துணி ஆலை அதிபருக்கு நட்டம் ஏதுமில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. பாரிஸில் படப்பிடிப்புக்காக இவ்வாடை அணிந்து கடைத்தெருவுக்கு வந்த பெண்கள் தாக்கப்பட்டனர். அமெரிக்காவில் பதாகை ஏந்திப் போராடினர். துணிப் பங்கீடு நீடித்த பிரிட்டனில் அமைச்சர்களே கண்டித்தனர். குறைகூறியவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை; ஆனாலும் ஆண்டுக்கணக்கில் சிக்கனத்தில் வாடிய பெண்கள் பலர் அந்த ஆடையை விரும்பினர்.

தையற்கூடத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை டியோர். முதல் ஆண்டிலேயே மிஸ் டியோர் என்னும் நறுமணத் தைலம் வந்தது. அந்தப் பெயர் தங்கை கேத்தரினைச் சுட்டியது. 1948-இல் நியூயார்க்கில் கடை திறக்கப்பட்டது. அமெரிக்கக் காலுறை நிறுவனம் ஒன்று அவர் பெயரைப் பயன்படுத்த மொத்தத் தொகை தர முன்வந்தபோது, விற்பனையில் விழுக்காடு கேட்டார். காலுறை, கழுத்துப்பட்டை என அந்த உரிம வணிகம் விரிந்தது. பாரிஸின் மற்ற ஆடையகங்கள் முகம் சுளித்தன. பின்னாளில் அவையும் அதே வழியில் சென்றன.

ஆண்டுக்கு இரண்டு பெரிய தொகுப்புகள் என்ற சுமை அவரை விடவில்லை. 1957 அக்டோபர் 24 அன்று இத்தாலியின் மாண்டேகாட்டினியில், ஓய்வெடுக்கச் சென்ற இடத்தில், மாரடைப்பால் காலமானார். வயது 52. நிறுவனம் தொடங்கிப் பதினொரு ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. 21 வயது உதவியாளர் இவ் சான் லோரான் பொறுப்பேற்றார். 1978-இல் பூசாக்கின் ஆலைகள் திவாலாயின. அவற்றின் சொத்துகளோடு சேர்ந்து டியோர் என்னும் பெயரும் கைமாறியது.