டாக்டர் கிதசாதோ

ஜப்பானிய வைத்தியர் ஷிபஸாபுரோ கிதசாதோ 1853-ல் பிறந்தவர். 1886 முதல் பெர்லின் நகரில் ராபர்ட் காக்கிடம் மாணாக்கராயிருந்து கிருமி சாஸ்திரம் பயின்றார். தனுர்வாதக் கிருமியைத் தனித்து வளர்க்கப் பலர் முயன்றும் பலிக்காத காலம் அது. அக்கிருமிக்குக் காற்று ஆகாது. அதன் வித்தோ உஷ்ணத்தைத் தாங்கவல்லது. இதை உணர்ந்த கிதசாதோ, 1889-ல், சூடேற்றி மற்றக் கிருமிகளை மாய்த்து, ஹைட்ரஜன் வாயுவில் அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். மறு ஆண்டில், நோயை எதிர்க்கும் சக்தி ரத்தத்தின் தெளிநீரில் உண்டென்பதைப் பெஹ்ரிங்குடன் கூடி நிரூபித்தார். 1901-ல் நோபல் பரிசோ பெஹ்ரிங் ஒருவருக்கே கிட்டியது. அது நியாயமென்று நாம் கருதவில்லை.

தாய்நாட்டிலும் அவர் தலைவணங்கவில்லை. 1914-ல், தம்மைக் கலவாமலே தமது ஆராய்ச்சிசாலையைச் சர்க்கார் டோக்கியோ சர்வகலாசாலையுடன் இணைக்கவே, ராஜீநாமாச் செய்தார். உடனுழைத்தோரும் வெளியேறினர். சொந்தப் பொருளைக் கொண்டு அவ்வாண்டே புதிய ஆராய்ச்சிசாலை நிறுவி, 1931-ல் காலமாகும்வரை அதை நடத்தினார்.