செடிகளை நூலேற்றிய செம்மல்

நுழையும்முன்

காட்டில் பூத்த செடி உலகறியப் பெயர் பெற வேண்டுமாயின், அது நூலேற வேண்டும். தாவரவியலார் இயற்றும் நூல்கள் பல வகையின. ஒவ்வொரு வகையும் ஒரு வினாவிற்கு விடை தருகிறது. அவ்வகைகளுள் பலவற்றைத் தென்னிந்தியத் தாவரங்களுக்கென ஆக்கித் தந்தவர் இராபர்ட் வைட்.

மருத்துவராய் வந்தவர்

வைட் 1796ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். மருத்துவப் பணிக்கிடையே செடிகளைத் தேடித் திரட்டினார். பூவும் காயும் கொண்ட கிளைகளைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்திப் பாதுகாப்பது உலர்தாவரத் தொகுப்பு எனப்படும். வகைப்பாட்டு நூல்கள் அனைத்திற்கும் இதுவே அடிப்படைச் சான்று.

1826இல் அவர் மாகாணத்தின் இயற்கையியலாளராக அமர்த்தப்பட்டார். ஆயின் 1828இல் அரசு அப்பதவியை நீக்கியது. சேகரிப்புகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட் நாகப்பட்டினத்தில் படைமருத்துவர் ஆனார். பதவி போயிற்று, தேடல் நிற்கவில்லை. 1831இல் விடுப்பில் தாயகம் சென்றபோது, ஏறத்தாழ ஓர் இலட்சம் உலர்மாதிரிகளை உடன் கொண்டு சென்றார்.

ஃபுளோராவும் தனிக்குடும்ப நூலும்

எத்தனை மாதிரிகள் குவிந்தாலும், ஆராய்ந்து எழுதப்படாதவரை அவை வெறும் சருகுகளே. எனவே வைட், தாவரவியலார் வாக்கர் ஆர்னாட்டுடன் இணைந்து 1834இல் தீபகற்ப இந்தியத் தாவரங்களைப் பற்றிய ‘புரோட்ரோமஸ்’ நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். ஒரு நிலப்பரப்பில் வளரும் செடிகளை வரிசைப்படுத்திப் பண்புகளுடன் விளக்கும் நூல் ஃபுளோரா எனப்படும். “இங்கு வளர்வன யாவை?” என்பது அதன் வினா. விரிவான ஃபுளோராவுக்கு முன்னோடியாக அமையும் சுருக்க நூலே புரோட்ரோமஸ். மகரந்தத்தாள்களை எண்ணிப் பிரிக்கும் பழைய முறையை விடுத்து, உறவுநெருக்கம் நோக்கும் இயற்கை வகைப்பாட்டை இந்நூல் பின்பற்றியது.

ஒரு குடும்பத்தையோ பேரினத்தையோ மட்டும் எடுத்து முழுமையாக ஆராயும் நூல் மோனோகிராஃப் ஆகும். அதே ஆண்டில் வைட் வெளியிட்ட தொகுப்பொன்றில் எருக்கு, கோரை, சூரியகாந்தி முதலிய குடும்பங்களைப் பற்றிய இத்தகைய ஆய்வுகள் இடம்பெற்றன. வைட்டின் மாதிரிகளை ஐரோப்பிய அறிஞர் பலர் பகிர்ந்து ஆராய்ந்ததன் பயன் இது.

படநூல்

இந்தியா திரும்பிய வைட், பின்னர்க் கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடி ஆய்வை ஏற்றார். அலுவல் பருத்தியாயினும் உள்ளம் காட்டுச்செடிகளையே நாடியது. பெரிய நூலகமோ உலர்தாவரத் தொகுப்போ அருகில் இல்லாதார், சொல் விளக்கத்தை மட்டும் கொண்டு ஒரு செடியை அறிவது அரிது. படம் அக்குறையைத் தீர்க்கும். ஆகவே சென்னையில் கல்லச்சில் அச்சிட்டு, ‘ஐகோன்ஸ்’ எனும் படநூலை 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் 2101 படங்கள் உள்ளன. செலவின் பெரும்பகுதியைத் தாமே ஏற்றார்.

படங்களை வரைந்தோர் ரங்கையா, கோவிந்து எனும் இந்திய ஓவியர்கள். முழுக்கிளையுடன், பூவைப் பிரித்துச் சூலகமும் மகரந்தத்தாளும் தோன்ற அவர்கள் வரைந்தனர். படங்களின் அடியில் வரைந்தவர் பெயரையும் வைட் பொறித்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் ‘கோவிந்தூயியா’ எனவும் பெயரிட்டார். வகைப்பாட்டு விதிகளின்படி அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. எனினும் ஓவியரின் உழைப்பிற்கு அறிவியல் நூலுக்குள்ளேயே இடம் தந்த செயல் அது.

நீலகிரிச் செடிகளுக்கென வண்ணப் படநூல் ஒன்றையும் அவர் வெளியிட்டார். புதிய செய்திகளை விரைந்து அறிவிப்பன பருவ இதழ்கள். சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் அவர் கட்டுரைகளும் எழுதினார்.

நிலைத்த பயன்

1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் குடியேறிய வைட், 1872ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மறைந்தார். இறுதிக்காலத்தில் தம் தொகுப்பைக் கியூ தாவரவியல் தோட்டத்திற்கு வழங்கினார். ஹூக்கரின் ‘பிரித்தானிய இந்திய ஃபுளோரா’, கேம்பிள் தொடங்கிய ‘சென்னை மாகாண ஃபுளோரா’ ஆகியவை வைட்டின் நூல்களை மேற்கோளாகச் சுட்டுகின்றன. இன்று நீலகிரியில் ஒரு செடியை எடுத்துவரும் மாணவர், ஃபுளோராவில் அதன் பெயரைத் தேடலாம். அது சுட்டும் படநூலைப் புரட்டி ஒப்பிடலாம். ஐயம் எஞ்சின் உலர்மாதிரியை நாடலாம். அரசு நீக்கிய பதவி நாகப்பட்டினத்தோடு முடிந்தது. அப்பணி இன்னும் தொடர்கிறது.