ஒப்பமிட மறுத்த சிற்றரசர்

1871ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேரரசு உருப்பெற்றபோது அதனுள் 25 நாடுகள் அடங்கியிருந்தன. அவற்றுள் பிரஷ்யாவையும் பவேரியாவையும் உலகம் அறியும். வால்டெக்-பிர்மான்ட் என்னும் சிற்றரசையோ வரலாறு பயின்றோரும் எளிதில் நினைவு கூரார். ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1910ஆம் ஆண்டில் 61,000க்குச் சற்று மேற்பட்ட மக்கள், காடடர்ந்த குன்றுகள், தனித்து வடக்கே கிடந்த பிர்மான்ட்டில் புகழ்பெற்ற மருத்துவ நீரூற்றுகள். தலைநகரான ஆரோல்சனில் மட்டும், நாட்டின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரியதோர் அரண்மனை. இந்நாட்டின் கடைசி அரசரான பிரெடரிக்கின் வாழ்வையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

அவர் 1865ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் ஆரோல்சனில் பிறந்தார். தந்தை கியார்க் விக்டர். தாய் நாசாவ் குலத்து ஹெலினா. பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே அண்டை நாடான ஹானோவர் பிரஷ்யாவின் வாயில் விழுந்துவிட்டது. 1866ஆம் ஆண்டுப் போரில் பிரஷ்யாவின் பக்கம் நின்றமையால் வால்டெக் பிழைத்தது. ஆனால் கருவூலம் வறண்டு, கடன் மிகுந்து, ஆட்சியை நடத்தவே வழியில்லாத நிலை. ஆதலின் 1867இல் கியார்க் விக்டர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி நாட்டின் நிருவாகம் முழுவதும் பிரஷ்யா அனுப்பும் ஓர் அதிகாரியின் கைக்குச் சென்றது. அரசருக்கு எஞ்சியவை பட்டமும், குலச்சொத்தின் வருவாயும், குற்றவாளிகளை மன்னிக்கும் உரிமையும், திருச்சபை தொடர்பான அதிகாரமும், இன்னும் சிலவுமே. திவான்களும் ரெசிடென்டுகளும் ஆண்ட நம் நாட்டுச் சமஸ்தானங்களின் கதையை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

நாடு சிறியதாயினும் குடிப்பிறப்பு பெரிது. அந்நாளைய ஐரோப்பிய அரச குடும்பங்கள் பெண் தேடும்போது ஆரோல்சனையும் நாடின. பிரெடரிக்கின் தமக்கை மரியா, பின்னாளில் வுர்ட்டம்பர்க் அரசரான வில்லியத்தை 1877இல் மணந்தார். கணவர் முடிசூடுவதற்கு முன்பே, 1882இல், மறைந்தார். மற்றொரு தமக்கை ஹெலினா, விக்டோரியா மகாராணியின் இளைய மைந்தர் லியோபோல்டுக்கு மனைவியாகி இரண்டே ஆண்டுகளில் கைம்மை எய்தினார். இவர்களினும் பேறு பெற்றவர் எம்மா என்றே கூறவேண்டும். 1879இல், இருபது வயதில், அறுபதைக் கடந்த நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லியத்தை அவர் மணந்தபோது பலரும் முகஞ்சுளித்திருப்பர். ஆனால் கணவர் இறந்தபின், சிறுமியாயிருந்த தம் மகள் வில்ஹெல்மினாவுக்காக 1890 முதல் 1898 வரை அந்நாட்டை ஆண்டு நற்பெயர் பெற்றவர் அவரே. ஆளும் திறன் அக்குடும்பத்தில் இல்லாமலில்லை. ஆளுவதற்கு வால்டெக்கில் ஏதுமில்லை என்பதே உண்மை.

1893ஆம் ஆண்டு மே மாதம் தந்தை இறக்கவே பிரெடரிக் பட்டமெய்தினார். இரண்டாண்டுகட்குப் பின் ஷாம்பர்க்-லிப்பே குலத்து இளவரசி பாதில்டிஸை பொஹீமியாவின் நாகோட் நகரில் மணந்தார். மூன்று ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். அமைதியாகவே 20 ஆண்டுகள் சென்றன. பின்னர் 1914இல் உலகப்போர் மூண்டது. அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி வோல்ராட் அவ்வாண்டே போர்முனையில் மாண்டார். தமக்கை ஹெலினாவோ பகைநாடான இங்கிலாந்தில். ஹெலினாவின் ஒரே மகன் சார்லஸ் எட்வர்டு ஜெர்மனியில் கோபர்க் நாட்டின் ஆட்சியாளர். ஒரு குடும்பத்தைப் போர் எவ்வாறு கூறுபோட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1918ஆம் ஆண்டு நவம்பரில் சிங்காசனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிந்தன. 9ஆம் நாள் கெய்சரின் பதவி போயிற்று. மறுநாள் அவர் நெதர்லாந்தில் புகலடைந்தார். அங்கே அரியணையில் இருந்தவர் எம்மாவின் மகள் வில்ஹெல்மினா. அதாவது நம் பிரெடரிக்கின் மருமகள் முறையினர். 13ஆம் நாள், தொழிலாளர், போர்வீரர் மன்றத்தார் ஆரோல்சனுக்கும் வந்து ஆட்சி முடிந்ததென அறிவித்தனர். அரசர் பலர் துறவுப் பத்திரத்தில் ஒப்பமிட்டனர். பிரெடரிக் மறுத்துவிட்டார்.

இம்மறுப்பினால் விளைந்தது யாது? ஒன்றுமில்லை, வால்டெக் குடியரசாயிற்று. ஐம்பதாண்டுகளாகப் பிறர் ஆண்ட நாட்டை விட்டுக்கொடுக்க மறுத்ததைச் சிலர் நகைப்பிற்குரியதென்பர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தந்தையார் ஒப்பமிட்டு இழந்தது போக எஞ்சியிருந்தது அவ்வொப்பம் ஒன்றே. அதை அவர் கொடுக்கவில்லை. யாரும் அவரை நாட்டைவிட்டுத் துரத்தவுமில்லை. அரண்மனையிலேயே குடும்பம் தொடர்ந்து வாழ்ந்தது. மகள் ஹெலினா, நாடிழந்த மற்றொரு குலமான ஓல்டன்பர்க்கில் 1921இல் வாழ்க்கைப்பட்டார். பிர்மான்ட் 1922இலும், வால்டெக் 1929ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலும் பிரஷ்யாவில் இணைந்தன.

அக்குலத்தின் பெயருக்குப் பெருங்களங்கம் புரட்சியால் வரவில்லை. பட்டத்துரிமை பெற்ற மூத்த மகன் யோசியாஸால் வந்தது. நாடு மறைந்த அதே 1929இல் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்; அடுத்த ஆண்டு எஸ்.எஸ். படையில் புகுந்து ஹிம்லரின் நெருங்கிய வட்டத்தில் உயர்ந்தார். பூக்கன்வால்ட் வதைமுகாம் அமைந்த வட்டாரத்தின் எஸ்.எஸ்., காவல் படைகளுக்குத் தலைமை அதிகாரியானார். தந்தைக்கு வாய்க்காத அதிகாரம் மகனுக்கு வாய்த்தது இவ்வண்ணம். 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கப் படையினர் அவரைச் சிறைப்பிடித்தனர்.

மகன் சிறையிலிருக்க, 1946ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் பிரெடரிக் தாம் பிறந்த ஆரோல்சனிலேயே, 81ஆம் வயதில் காலமானார். குலத்தலைமை ஒரு கைதியைச் சென்றடைந்தது. 1947இல் டாக்காவில் நடந்த பூக்கன்வால்ட் வழக்கில் யோசியாஸுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அது பின்னர் 20 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது; ஆனால் 1950இலேயே உடல்நலக் குறைவைக் காட்டி விடுதலையாகி, 1967 வரை வாழ்ந்தார். மாண்டவர் எண்ணிக்கையை நினைக்குங்கால் அத்தண்டனையை நீதியென்று கூற நமக்கு நாவெழவில்லை. தாய் பாதில்டிஸ் இவையனைத்தையும் கண்டு 1962இல் மறைந்தார்.

பெரியவர் கண்மூடிய அதே 1946இல், போரில் காணாமற் போனோரைத் தேடும் பன்னாட்டு அலுவலகம் ஆரோல்சனில் அமைந்தது. வதைமுகாம் பதிவேடுகள் முதலாக ஏறத்தாழ 3 கோடி ஆவணங்கள் அங்கே குவிந்துள்ளன. 2019 முதல் அது ஆரோல்சன் ஆவணக் காப்பகம் எனப் பெயர் பெற்றுள்ளது. தம் பாட்டனும் பாட்டியும் எங்கே மாண்டனர் என்று வினவும் கடிதங்கள் உலகின் பல திசைகளிலிருந்தும் அவ்வூருக்கு இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.